கூடு விட்டுக் கூடு பாய்தல்

திருமூலர் கயிலையிலிருந்து தெற்கே வரும் வழியில், சாத்தனூர் மேய்ச்சல் நிலத்தில் உயிர் நீத்துக் கிடந்த மூலன் என்னும் இடையனின் உடலில் புகுந்து, அவனைச் சுற்றி நின்று கதறிய பசுக்களின் துயரைத் தீர்த்தார் என்பது புராணம். இக்காரியத்தில் இறங்குமுன் அந்த மகான் எஸ்டிமேட் ஏதும் போட்டதாகப் பிரஸ்தாபம் இல்லை. என் வீட்டு முற்றத்தில் நிற்கும் 1977ஆம் வருஷத்து அம்பாஸிடர் மார்க் 3 வண்டியின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் ஒரு டீசல் எஞ்சினைப் பிரதிஷ்டை செய்வதென்று நான் சங்கல்பம் செய்துகொண்ட பிறகே, சித்தர்களுடைய மேன்மை எனக்குப் பூரணமாக விளங்கிற்று.

விவேகமுள்ளவர்கள் இந்த நிலைமையில் பழைய எஞ்சினை ரீபோர் செய்துகொண்டு பேசாமல் இருப்பார்கள். ஆயினும், உத்தரப்பாடா தொழிற்சாலையே 1980 வாக்கில் இதே உடலுக்குள் டீசல் உயிரைப் புகுத்தி விற்றிருக்கிறது. பின்னாளில் டாக்ஸிக்காரர்கள் எத்தனையோ பேர் மெட்டாடர் வேனின் எஞ்சினை எடுத்து அம்பாஸிடருக்குள் வைத்து ஊர் ஊராக ஓட்டியிருக்கிறார்கள். ஆகவே முன்னோர் நடந்த பாதையிலேதான் நானும் நடக்கிறேன் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு மேஸ்திரியை அழைத்தேன். அவர் பானெட்டைத் திறந்து ஒரு முறை பார்த்தார், மூடினார். "புதுப்பேட்டையில நல்ல இசுஸு எஞ்சின் ஒண்ணு இருக்கு சார். அறுபதாயிரம். மத்ததெல்லாம் சில்லறைதான்" என்றார்.

இந்தச் சில்லறையைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்லியாக வேண்டும். பழைய கியர் பாக்ஸையே வைத்துக்கொண்டால் அதற்கும் புதிய எஞ்சினுக்கும் நடுவே அடாப்டர் தகடு ஒன்றை லேத்தில் கடைந்து போட வேண்டும். கடைந்து போட்டாலும், 1,489 சி.சி. எஞ்சினுக்கென்று பிறந்த அந்தப் பாக்ஸ் 2 லிட்டர் டீசலின் இழுப்பைத் தாங்குமென்று மேஸ்திரி உத்தரவாதம் தரமாட்டார்; ஆகவே பாக்ஸும் இசுஸுவினுடையதே வந்தாக வேண்டும்; அது வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் ஒத்துவராது, வெட்டி வெல்டிங் வைத்துப் பாலன்ஸ் பார்க்க வேண்டும்; ஸ்டீயரிங் பக்கத்தில் இத்தனை காலம் கௌரவமாக வீற்றிருந்த கியர் தண்டும் தரைக்கு இறங்கிவிடும். முன் ஆசனத்தில் மூன்று பேர் சௌகரியமாக உட்கார்ந்து கல்யாணங்களுக்குப் போய்வந்த வண்டி அது. இனி நடுவில் உட்காரும் மைத்துனர் மூன்றாவது கியருக்கு ஒரு முழங்காலையும் நான்காவதற்கு மற்றொரு முழங்காலையும் ஒதுக்கித் தர வேண்டியிருக்கும்.

கனமான எஞ்சின் வந்து உட்கார்ந்தால் வண்டியின் மூக்கு தாழ்ந்து போகும். டார்ஷன் பாரை முறுக்கி நிமிர்த்த வேண்டும். பெட்ரோலைப்போல் இருமடங்குக்கு மேல் அழுத்தத்தில் எரிவது டீசல் ஆதலால், அதைச் சுழற்றி எழுப்புவதற்குப் பெரிய பாட்டரி அவசியம். இன்ஜெக்டர்களுக்கு மிஞ்சிய டீசல் டாங்கிக்குத் திரும்பிப் போவதற்குத் தனிக் குழாய் வேண்டும். வேகம் கூடுமாகையால் பிரேக்குக்குப் பூஸ்டர் வேண்டும். பூஸ்டருக்கு வாக்குவம் வேண்டும். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போதே இலவசமாகக் கொடுக்கும் அந்த வாக்குவத்தை டீசல் எஞ்சின் கொடுக்காது. ஆகவே அதற்கும் ஒரு பம்பு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது சில்லறை மட்டும் ஒரு லட்சத்து இருபதாயிரம் வந்தது, நோட்டு அறுபதாயிரம்தான்.

சர்க்காரின் சம்மதம் வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களுக்கு முன்கூட்டியே அனுமதி பெறச் சொல்கிறது. எஞ்சின் எண்ணும் எரிபொருளும் ஆர்.சி. புத்தகத்தில் திருத்தி எழுதப்பட வேண்டும். மூலனுடைய மனைவி தன் கணவனின் உடலைக் கண்டு வீட்டுக்கு அழைத்தபோது, வந்திருப்பவர் மறுத்து ஒதுங்கியதும், இவர் நம் ஆள் இல்லை என்று ஊராரிடம் போய் முறையிட்டாளே, அந்த ஸ்தானத்தில் இன்று இருப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஊரார் விசாரித்து விட்டுவிட்டார்கள். ஆய்வாளர் டார்ச் அடித்து எண்ணைப் படிப்பார்.

இவ்வளவுக்கும் பிறகு, செலவுக்கு நியாயம் கற்பிக்கும் பொருட்டு லாபக் கணக்கு ஒன்றும் தயாரித்தேன். பெட்ரோல் லிட்டர் சுமார் 100 ரூபாய், என் வண்டி கொடுப்பது ஒன்பது கிலோமீட்டர்; டீசல் 92 ரூபாய், பதின்மூன்று கிலோமீட்டர் கொடுக்குமென்பது மேஸ்திரியின் வாக்கு. கிலோமீட்டருக்கு நாலு ரூபாய் மிச்சம் என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தபோது எனக்குண்டான ஆனந்தம் அற்பமானதல்ல. அந்தத் தாளை வாங்கிப் பார்த்த என் மனைவி, கண்ணாடியைக்கூடத் தேடாமல், "அப்போ நாப்பத்தஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓட்டினா போட்ட பணம் வந்துடும். நீங்க வருஷத்துக்கு ஆயிரத்தைந்நூறு ஓட்டுறீங்க" என்றாள். எனக்கு இப்போது வயது அறுபத்து மூன்று. முதல் ரூபாய் லாபத்தைத் தொண்ணூற்று மூன்றாவது வயதில் என் கையாலேயே வாங்கிக்கொள்வேன் என்பது இதனால் ஸ்பஷ்டமாகிறது. எங்கள் வம்சத்தில் தீர்க்காயுசு உண்டென்று சொல்லிப் பார்த்தேன். வண்டியின் வம்சத்தில் உண்டா என்று கேட்டாள்.

அவள் வேண்டாமென்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாளை என்னிடம் திருப்பித் தருமுன், என்னிடம் பேனாவை வாங்கி, மேஸ்திரியும் நானும் அடியோடு விட்டுவிட்ட ஓர் இனத்தை அடியில் தன் கையால் சேர்த்தாள்: "வண்டி பட்டறையில் நிற்கும்போது டாக்ஸி வாடகை." அதற்கு நேரே ஐயாயிரம் என்று போட்டு, பக்கத்தில் சிறிய எழுத்தில், 'மாதம் ஒன்றுக்கு' என்று எழுதியிருந்தாள்.