கணக்குக் கட்சியும் பதிவுக் கட்சியும்: பியானோவின் சற்றே மரியாதைக் குறைவான வரலாறு

1700-ஆம் ஆண்டுவாக்கில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் பார்டோலோமியோ கிறிஸ்டோஃபோரி என்றொருவர், மெடிசி வம்சத்து இளவரசரிடம் சம்பளத்துக்கு வாத்தியங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய ஹார்ப்ஸிகார்டுக்கு ஒரே குரல். தொட்டாலும் குத்தினாலும் அதே சத்தம். அலுத்துப்போன மனுஷன், தந்தியை மீட்டுவதற்குப் பதில் சுத்தியலால் அடித்துப் பார்த்தார். மெல்ல அடித்தால் மெல்ல, ஓங்கி அடித்தால் ஓங்கி. பியானோ பிறந்தது. கூடவே முந்நூறு வருடத்துக்கான வம்பும் பிறந்தது.

அந்த வம்பு கப்பலேறி மதராஸுக்கும் வந்தது. 1842-இல் மிஸ்குவித் கம்பெனி இங்கே கடை திறந்தது. இன்றைய மவுண்ட் ரோடு மியூஸி மியூசிகலின் பூர்வாசிரமம் அதுதான். துரைமார்களின் பங்களாக்களில் போய் உட்கார்ந்த பியானோவுக்கு நம் ஊர் சீதோஷ்ணத்தைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. சித்திரையில் பலகை காய்ந்தது, ஐப்பசியில் ஊறி உப்பியது, கடற்காற்றில் தந்தி துருப்பிடித்தது. உள்ளே சுமார் 230 தந்திகள், மொத்த இழுவிசை ஏறத்தாழ 20 டன். இத்தனையும் மழைக்கு ஒரு சுருதி, வெயிலுக்கு ஒரு சுருதி என்று நகர்ந்தால் வாசிப்பவர் என்ன செய்வார்? ட்யூனருக்கு ஆள் அனுப்புவார்.

இந்தக் கட்டத்தில் கதைக்குள் நுழைகிறார் நம்ம ஊர்க்காரர். திருச்சியில் பிறந்து, மதராஸ் பிரசிடென்சி காலேஜில் படித்து, 1907-இல் கல்கத்தாவுக்கு மத்திய சர்க்கார் கணக்கு அதிகாரியாகப் போன சி.வி. ராமன். பகலில் சர்க்கார் கணக்கு, மாலையில் பௌபஜார் தெருவின் அறிவியல் சங்கத்தில் தந்தி, வில், அதிர்வு. 1917-இல் சர்க்கார் கணக்கைத் துறந்து பேராசிரியர் ஆனார். ஆனாலும் கணக்கு அவரை விடவில்லை. 1920-இல் பானர்ஜி என்பவருடன் சேர்ந்து, பியானோ சுத்தியல் தந்தியைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை எழுதினார். ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு நேரம் நடக்கும் தொடுதலுக்கு இவ்வளவு விசாரணை.

அடுத்த வருடம் தம்புராவையும் வீணையையும் பிடித்தார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாப் புள்ளி கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் போட்ட சட்டம். நம் தம்புரா அந்தச் சட்டத்தைச் சட்டை செய்யவில்லை. தந்தியைத் தாங்கும் குதிரையின் வளைந்த முதுகும், அதன்மேல் தந்திக்கடியில் செருகிய நூலும் சேர்ந்து, வரக் கூடாத சுரங்களையெல்லாம் வரவழைத்தன. அதை அளந்து சொன்னவர் ராமன். இதே மனிதருக்கு 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது ஒளி ஆராய்ச்சிக்காக. ஒலிக்காரர்கள் கண்ணில் அது அப்பட்டமான கட்சித் தாவல்.

கட்சி என்று சொல்லிவிட்டேன், விளக்கிவிடுகிறேன். பியானோ இல்லாமல் பியானோ வாசிக்க விரும்பும் உலகத்தில் கட்சிகள் இரண்டு. நல்ல பியானோ ஒன்றைப் பிடித்து, ஒவ்வொரு கட்டையாக அடித்து, மைக் வைத்துப் பதிந்து, கீபோர்டுக்குள் அடைப்பவர்கள் பதிவுக் கட்சி. பியானோவே வேண்டாம், சுத்தியல், தந்தி, பலகை எல்லாவற்றுக்கும் சமன்பாடு இருக்கிறது, கணினியே அந்தந்த நொடி கணக்குப் போட்டு ஒலிக்கட்டும் என்பவர்கள் கணக்குக் கட்சி. ராமன் இரண்டாவது கட்சியின் பிறப்பதற்கு முந்தைய ஸ்தாபகர். உறுப்பினர் அட்டைதான் வாங்கவில்லை.

முதலில் ஆட்சியைப் பிடித்தது பதிவுக் கட்சி. 1963-இல் இங்கிலாந்தில் மெல்லோட்ரான் என்றொரு பெட்டி வந்தது. கட்டைக்கு ஒரு டேப். அழுத்தினால் ஓடும், சுமார் எட்டு நொடியில் டேப் தீரும், அதோடு சுரமும் தீரும். ராகம் பாடுகிற ஊரில் இதை விற்றிருந்தால் கம்பெனியே தீர்ந்திருக்கும். பிறகு 1982-இல் ஸ்டீவி வொண்டர் என்ற பார்வையற்ற மேதை, பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் இயந்திரம் செய்த ரே கர்ஸ்வெயிலைப் பிடித்து, நிஜப் பியானோ மாதிரி ஒலிக்கும் கணினி ஒன்று வேண்டும் என்று கேட்டார். 1984-இல் கர்ஸ்வெயில் 250 வந்தது. எதிர்க்கட்சி வாயடைத்தது.

கணக்குக் கட்சி அதுவரை சும்மா இருக்கவில்லை, மெதுவாக இருந்தது. 1971-இல் ஹில்லர், ரூயிஸ் என்ற இருவர் தந்தியின் சமன்பாட்டைக் கணினியில் தீர்த்து ஒலியாக்கினார்கள். அன்றைய கணினியின் வேகத்தில் ஒரு சுரம் அடித்துவிட்டுச் சாப்பிட்டு வரலாம். 1983-இல் கார்ப்ளஸ், ஸ்ட்ராங் ஜோடி குறுக்குவழி கண்டது. கொஞ்சம் இரைச்சலைச் சுற்றவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த எண்களைச் சராசரி எடுத்தால் மீட்டிய தந்தி ஒலிக்கிறது! அதே வருடம் மூன்றாம் அணியும் களமிறங்கியது. சௌனிங் என்ற ஸ்டான்ஃபோர்டுக்காரர் கண்டுபிடித்த எஃப்.எம். முறையை அமெரிக்க ஆர்கன் கம்பெனிகள் வேண்டாம் என்று தள்ள, யமஹா வாங்கி டிஎக்ஸ்7 என்ற கீபோர்டாக்கியது. அது பதிவும் இல்லை, தந்திக் கணக்கும் இல்லை. கண்ணாடி மாதிரி ஒரு மின் பியானோ. 1986-இல் இளையராஜா 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கணினியைத் துணைக்கு அழைத்தபோது, கோடம்பாக்கத்தில் இனி மின்சாரமும் ஒரு வாத்தியம் என்பது முடிவாகிவிட்டது.

ஆட்சியில் நெடுநாள் இருந்த கட்சிக்கு வரும் வியாதி பதிவுக் கட்சிக்கும் வந்தது: உடம்பு பெருத்தது. 88 கட்டை, ஒவ்வொன்றுக்கும் மென்மையிலிருந்து முரட்டுவரை 16 அடி, பெடல் அழுத்தி ஒன்று அழுத்தாமல் ஒன்று. மொத்தம் 2,816 பதிவுகள். ஜிகாபைட் கணக்கில் ஹார்ட் டிஸ்க்கை விழுங்கியது. 2006-இல் பிரான்ஸின் துலூஸ் நகரத்திலிருந்து பியானோடெக் என்ற மென்பொருள் வந்து சில பத்து மெகாபைட்டில் ஒரு முழுப் பியானோவை நீட்டியது. அதன் பின்னால் இருந்தவர் பிலிப் கியோம், முன்னாள் பியானோ ட்யூனர், பின்னாள் கணிதப் பேராசிரியர். ஜனம் கேட்டது. மௌனம். பிறகு ஸ்டூடியோக்களில் அந்தப் புகழ்பெற்ற உரையாடல் ஆரம்பித்தது.

"அண்ணே, பியானோ எப்படி இருக்கு?"

"சுத்தமா இருக்குடா தம்பி. ஆஸ்பத்திரி மாதிரி. கொஞ்சம் வார்மா கிடைக்காதா?"

கணக்குக் கட்சிக்கு அப்போதுதான் புரிந்தது, தோல்விக்குக் காரணம் தங்கள் நேர்மை என்று. நிஜப் பியானோ ஒரு மோசடிக் கும்பல். பெரும்பாலான சுரங்களுக்கு மூன்று தந்திகள் உண்டு. மூன்றும் ஒரே சுருதி என்று ட்யூனர் சொல்வார், நம்பாதீர்கள். மயிரிழை வித்தியாசம் இருக்கும். கேப்ரியல் வைன்ரைக் என்ற இயற்பியலாளர் 1977-இல் இதன் குட்டை உடைத்தார். மூன்றும் அச்சாக ஒன்றாக ஆடினால் சக்தி முழுவதும் சட்டென்று பலகையில் இறங்கி ஒலி செத்துவிடும். கொஞ்சம் பிசகினால் ஒன்றை ஒன்று தடுத்து, முதலில் வேகமாக இறங்கி, பிறகு நெடுநேரம் இழையும். அந்த இழைதான் நாம் உருகுகிற கதகதப்பு. பாவத்தின் பயனை இப்படிக் கணக்கிட்டுக் காட்டிய வைன்ரைக் பிற்பாடு பாதிரியாரானார்.

மற்ற குற்றங்களும் உண்டு. எஃகுத் தந்தி விறைப்பானது என்பதால் மேற்சுரங்கள் கொஞ்சம் ஏறியே ஒலிக்கும். சுத்தியலின் கம்பளி மெல்லத் தொட்டால் மெத்தை, ஓங்கி அடித்தால் இறுகிக் கல். அதனால் சத்தத்தோடு குணமும் மாறும். பெடலை மிதித்தால் அடிக்காத தந்திகளும் வம்புக்கு வரும். பதிவுக் கட்சி இந்தக் குற்றங்களை மொத்தமாகப் படம் பிடித்துவிட்டது. ஆனால் தனித்தனியாகப் பிடித்ததால், ஒரு சுரத்தின் தந்திக்கு இன்னொரு சுரம் ஒலிப்பது தெரியாது. கணக்குக் கட்சிக்கு எல்லாத் தந்தியும் எல்லாத் தந்தியோடும் பேசும். ஆனால் ஒவ்வொரு குற்றத்தையும் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். சேர்த்தார்கள். மூன்று தந்தியின் பிசகுக்கு ஒரு திருகு, கம்பளியின் இறுக்கத்துக்கு ஒன்று, தந்தியை அடக்கும் டேம்பர் விழும் சத்தத்துக்கு ஒன்று. உச்சமாக, பியானோவைப் புதுசிலிருந்து பாழடைந்ததுவரை பழசாக்கும் ஒரு நழுவுபட்டியும் வந்தது. மிஸ்குவித் காலத்தில் மதராஸ் காற்று இலவசமாகச் செய்துகொடுத்த வேலை அது.

இந்த வரலாற்றில் நான் குடியிருக்கும் சென்னை ஈக்காட்டுத்தாங்கலுக்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். சொந்தமாகப் பியானோ பதியலாம் என்று கிளம்புகிறவர் இங்கே ஒரு நாள் தங்கிப் பார்க்கட்டும். நடு ஸ்தாயி மெல்லத் தேயும்போது மீனம்பாக்கத்து விமானம். கீழ் ஸ்தாயியில் நூறடி ரோட்டு லாரி. 2015-இலிருந்து தலைக்கு மேல் மெட்ரோ. கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் லேத்து ஓடினால் மேல் ஸ்தாயியும் போச்சு. 2,816 பதிவுகளில் 2,816 விதமான சென்னை கிடைக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு வீட்டுக்குள் வந்தபோது மாடிக்குத் தூக்க முடிந்த பியானோ எது என்பதையும் யோசியுங்கள். இந்தப் பேட்டைக்காரன் கணக்குக் கட்சிக்கு ஓட்டுப் போடுவது கொள்கையால் அல்ல, விலாசத்தால்.

ஓட்டுப் போட்டவர்களுக்குச் சில யோசனைகள். தந்திப் பிசகைத் துளி கூட்டுங்கள், கம்பளியைக் கொஞ்சம் மெத்தையாக்குங்கள். காதில் குத்துகிற 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தைச் சற்றுத் தணியுங்கள். மைக்கைக் கணினிக்குள்ளேயே கொஞ்சம் தள்ளி வையுங்கள். நல்ல அரங்கத்தின் எதிரொலியைக் கடன் வாங்குங்கள். பழசாக்கும் பட்டியை மட்டும் ரொம்ப இழுக்காதீர்கள், பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூடத்துப் பியானோ வந்துவிடும்.

இப்போது கட்சிகள் சமரசமாகிவிட்டன. கடையில் விற்கும் டிஜிட்டல் பியானோக்கள் பலவற்றில் அடி விழும் சத்தம் பதிவுக் கட்சிக்கு, அதற்குப் பின் தந்திகள் பேசிக்கொள்ளும் ரீங்காரம் கணக்குக் கட்சிக்கு என்று தொகுதிப் பங்கீடு நடந்திருக்கிறது. கதகதப்பு என்ற ஒரே ஒரு தொகுதியில் மட்டும் இரண்டு பேருமே வேட்பாளரை நிறுத்தி, இரண்டு பேருமே ஜெயித்ததாக வெடி வெடித்துக்கொண்டிருக்கிறார்கள்.