மழுமழு மச்சான்

கற்பிட்டிக் குடாநாட்டில் ஊருக்கொரு மழுமழு மச்சான் இருக்கிறார். ஆலங்குடாவில் ஒருவர், ஏத்தாளையில் ஒருவர், கண்டக்குழியில் இரண்டு பேர் என்று கேள்வி. ஆனால் இந்த வம்சத்தில் மூத்தவர் எங்கள் மாம்புரிக்காரர்தான். பக்கத்து ஊரார் இதை ஒப்புக்கொள்வதில்லை. வயிற்றெரிச்சல், வேறென்ன.

அவரை அடையாளம் காண்பது சுலபம். சட்டையின் மேல் பொத்தான் இரண்டும் திறந்தே கிடக்கும். மற்ற ஆண்கள் நெஞ்சில் இருப்பதைக் காட்டப் பொத்தானைத் திறப்பார்கள். இவர் இல்லாததைக் காட்டத் திறப்பார். தலையில் மட்டும் எந்நேரமும் தொப்பி. காற்றாலை நட்டு மின்சாரம் எடுக்கிற அளவுக்குக் காற்றடிக்கும் கடற்கரையில் அந்தத் தொப்பி எப்படிப் பறக்காமல் நிற்கிறது என்று கேட்டால், "அது ஸ்டைல்" என்பார். கேள்விக்கும் பதிலுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்ற பழக்கம் அவருக்கு இல்லை.

மச்சான் கட்டாரில் சில வருடம் இருந்து வந்தவர். இப்போது கடலுக்கு ஆள் ஏற்றுகிறார். நவம்பர் தொட்டு ஏப்ரல் வரை டொல்பின் பார்க்க வரும் வெள்ளைக்காரரைப் படகில் கொண்டுபோவார். தென்மேல் காற்று எழும்பியதும் பட்டம் கட்டிக்கொண்டு அலைமேல் ஓடுகிறவர்களுக்குக் கூடமாட ஒத்தாசை. வேலையென்று பார்த்தால் இவ்வளவுதான். மிச்ச நேரம் முழுக்க உடம்பில் முடி இருக்கலாமா என்ற ஆராய்ச்சி.

ஆராய்ச்சி தொடங்கியது மூக்கில். தோஹாவில் தலைமுடி வெட்டப் போன இடத்தில், துருக்கிக்காரச் சலூன்களில் வழக்கம் போல, இரண்டு குச்சியின் நுனியில் சுடு மெழுகைத் தோய்த்து மூக்கில் துவாரத்துக்கொன்றாய்ச் செருகிவிட்டார்களாம். கொஞ்ச நேரம் ஆறவிட்டு வெடுக்கென்று இழுத்தார்களாம். "கண்ணுல தண்ணி வந்திச்சு மச்சான், ஆனா என்னா மூச்சு! அல்லாவே, அப்பிடியொரு மூச்சு நான் பொறந்ததுல இருந்து விட்டதில்ல." மூக்கிலிருந்து காது, காதிலிருந்து நெஞ்சு, நெஞ்சிலிருந்து முதுகு. பிறகு சில காலம் இடுப்பில் நின்று யோசித்திருக்கிறார். யோசனையின் முடிவு என்னவென்று ஊருக்கே தெரியும், அவரே சொன்னதால்.

அடிவயிற்றுக்குக் கீழே முடி களைவது இந்த ஊருக்குப் புதிதில்லை. எங்கள் வாப்பாமாரும் அவர்களின் வாப்பாமாரும் தவறாமல் செய்து வந்த காரியம் அது. இயற்கையான தூய்மை என்று ஹதீஸில் எண்ணிச் சொன்ன ஐந்து காரியங்களில் அதுவும் ஒன்று. நாற்பது நாளுக்கு மேல் விடக் கூடாது என்று கெடுவும் உண்டு. ஒரு பிளேட், ஒரு வாளித் தண்ணீர், கொல்லைக்கிணற்றடியில் நாலு ஓலை மறைப்பு. முடித்துவிட்டு வந்து பிளேன்டீ குடிப்பார்கள். யாரும் யாரிடமும் சொன்னதில்லை. எண்பது வயதுவரை வாழ்ந்து மையித்தாகும்வரை அந்த விஷயம் வெளியில் வந்ததில்லை. மச்சான் செய்வதும் அதே காரியம்தான். ஆனால் அவருக்கு அது செய்தி அறிக்கை இல்லாமல் முடியாது.

அக்குள் முடிக்கு அந்த ஐந்தில் சொல்லியிருப்பது மழிப்பதல்ல, பிடுங்குவது. இதை மச்சான் எங்கேயோ கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மெழுகுக்கு மார்க்க ஆதாரம் கிடைத்த பெருமிதத்தில் நடந்தார். பள்ளிக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு சாச்சா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மவன், நம்மட இமாம் ஷாபிஈ என்ன செய்தார் தெரியுமா?" என்றார். யாரோ பார்க்கப் போனபோது இமாமுக்கு நாவிதர் அக்குளை மழித்துக்கொண்டிருந்தாராம். பிடுங்குவதுதான் சுன்னத் என்று தெரியும், ஆனால் அந்த வேதனை என்னால் தாங்க முடியவில்லை என்றாராம் இமாம். இமாம் நவவி எழுதி வைத்த சம்பவம். நாங்கள் எல்லோரும் ஷாபிஈ மத்ஹபுக்காரர். கடை முழுக்க மச்சானைப் பார்த்தது. மச்சான் பணிஸைப் பார்த்தார்.

வெளியுலகில் இது பெரிய வியாபாரம். பிரேசிலில் இருந்து வந்த ஏழு சகோதரிகள், எல்லோருக்கும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர், 1987இல் நியூயோர்க் மன்ஹாட்டனில் ஒரு சலூன் திறந்தார்கள். கீழே ஒன்றும் விடாமல் மெழுகால் எடுக்கிற முறைக்கு அமெரிக்காவில் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தச் சலூன்தான். முதலில் பெண்கள், பிறகு ஆண்கள். 2005இல் ஹொலிவூட் நடிகர் ஸ்டீவ் கரெல் ஒரு படத்துக்காக நிஜமாகவே நெஞ்சு முடியை மெழுகு போட்டுப் பிடுங்கக் கொடுத்தார். திரும்ப எடுக்க முடியாத காட்சி என்பதால் ஐந்து கமெராவை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். அவர் கத்தியது நடிப்பில்லை. எங்கள் பக்கத்துக்கு இதைக் கொண்டுவந்தது வேறு ஆட்கள்: 1998இல் சட்டையில்லாமல் ஆடிய சல்மான் கான், 2008இல் 'வாரணம் ஆயிரம்' படத்தில் வயிற்றைக் கட்டம் கட்டமாகக் காட்டிய சூர்யா. அதற்கு முன் நெஞ்சில் முடியில்லாதவனை நம்பக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் கிழவர்கள். ஒரு தலைமுறைக்குள் நம்பிக்கை இடம் மாறிவிட்டது.

மச்சானுக்கு ஒரு சிக்கல். தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது அவ்ரத். பிறர் பார்க்கக் கூடாது. கொழும்புச் சலூனில் நெஞ்சையும் முதுகையும் கொடுக்கலாம், அதற்குக் கீழே கொடுக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் மச்சான் கறார். ஆகவே ஒன்லைனில் மெழுகுச் சட்டி வாங்கினார். கரண்டில் சூடாகிற சின்னச் சட்டி, பயறு மாதிரி உருண்டை மெழுகு ஒரு பை, ஐஸ்கிறீம் குச்சியை விடக் கொஞ்சம் அகலமான மரக்குச்சிகள். பார்சலைக் கொண்டுவந்த பையன் "என்ன நானா சாமான்?" என்று கேட்டதற்கு, "படகுக்கு" என்றார்.

செய்முறையை அவர் வாயால் கேட்க வேண்டும். முடி ஓர் அரிசி நீளம் வளர்ந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் மெழுகு பிடிக்காது. கூடினால் உயிர் போகும். பவுடர் தட்டி வியர்வையை எடுக்க வேண்டும். சூட்டை முதலில் மணிக்கட்டில் பார்க்க வேண்டும். முடி வளர்ந்த பக்கமாகப் பூச வேண்டும், எதிர்ப்பக்கமாக இழுக்க வேண்டும், இழுக்கும்போது தோலை மற்றக் கையால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மெதுவாக இழுப்பவனுக்கு மோட்சம் இல்லை. வேரோடு வருவதால் மூன்று கிழமை, சிலருக்கு ஆறு கிழமை தாங்கும். "பிளேட் போட்டா ரெண்டு நாள்ல குத்தும் மச்சான், இது பட்டு." எங்கே பட்டு என்று நாங்கள் கேட்பதில்லை.

சட்டிக்குத் திறப்பு விழா நடந்தது 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். நெஞ்சுக்கு மட்டும் உதவிக்கு மைத்துனன். வலப்பக்கம் முடிந்தது. இடப்பக்கம் கனமாகப் பூசி, ஓரத்தைக் கிளப்பப் போகிற நேரத்தில் மின்விசிறி நின்றது. சட்டியின் சிவப்பு லைட் அணைந்தது. வெளியே எட்டிப் பார்த்தால் ஊரே இல்லை, நாடே இல்லை. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து இலங்கை முழுவதும் இருளடித்த நாள் அது. கூப்பிடு தூரத்தில் நுரைச்சோலை, தலா 300 மெகாவாட் இயந்திரம் மூன்று; அவையும் நின்றுபோயின. உடம்பெல்லாம் முடியோடு ஒரு ஜீவன், முடியே வேண்டாமென்ற மனிதனை தொண்ணூறு மைலுக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டது என்றுதான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சட்டிக்குள் குச்சி நட்டபடி மெழுகு உறைந்தது. நெஞ்சில் இருந்தது காய்ந்து, இழுக்க இழுக்கத் துண்டு துண்டாய் உடைந்தது. கடைசியில் மைத்துனன் தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்தான். மெழுகு எண்ணெய்க்குக் கரையும். மெழுகு கரைந்தது, முடி அப்படியே இருந்தது. அன்று பின்னேரம்வரை மச்சானின் வலப்பக்கம் தோஹா, இடப்பக்கம் மாம்புரி.

கரண்ட் வந்ததும் மைத்துனனை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினார். மிச்ச வேலையை அவரே பார்க்க வேண்டியது. சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம். உம்மா ஓடிவந்து கதவைத் தட்டினார்.

"மவன், பாம்பா?"

"இல்ல உம்மா."

"பிறகென்ன?"

"ஒண்டுமில்ல. போங்க."

மறுநாள் காலையில் மச்சான் கடைத்தெருவுக்கு வந்தார். கால்களை அகட்டி, சாரத்தின் முன்பக்கத்தை இரண்டு விரலால் நுள்ளி, உடம்பில் படாமல் ஒரு சாண் முன்னால் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த நடை எந்த நடையென்று எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொருவரும் ஒருமுறை நடந்த நடை. பள்ளி விடுமுறையில் வெள்ளைச் சாரம் உடுத்தி, காசும் டொபியும் வாங்கிக்கொண்டு நடந்த நடை. சாச்சா கோப்பையைக் கீழே வைத்தார்.

"மவன், ஒனக்குத்தான் அப்பவே செஞ்சாச்சே? ரெண்டாந்தரமும் செய்றாங்களா?"

யாரோ ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து மச்சானின் சட்டைப் பையில் செருகினார்.

சுடு மெழுகில் நம்பிக்கை போன பிறகு அரபுநாட்டு முறைக்கு மாறினார். சீனி, தேசிக்காய்ச்சாறு, கொஞ்சம் தண்ணீர். தேன் நிறம் வரும்வரை காய்ச்சி, கைச்சூட்டுக்கு ஆறவைத்து, உருட்டிப் பூசி இழுப்பது. அங்கே வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது. இதில் தோல் வெந்துபோகிற பயம் குறைவு, விலையும் சீனி விலைதான். பாகை ஆறவைத்துவிட்டு மச்சான் லுஹர் தொழப் போனார். திரும்பி வந்தபோது தாச்சி சுத்தம். தாத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், பிள்ளைகள் நாலு பேரும் சுவரோரம் உட்கார்ந்து விரலை நக்கிக்கொண்டிருந்தார்கள். "மாமா, இன்னும் கொஞ்சம் செஞ்சு தாங்க" என்றாள் சின்னவள். அவர் மாமா என்பதால் செய்து கொடுத்தார். மச்சானிடம் எனக்குப் பிடித்த விஷயம் அதுதான்.

முடி திரும்ப முளைக்கும்போது வரும் அரிப்பைப் பற்றி மட்டும் அவர் அறிக்கை விடுவதில்லை. தோலுக்குள்ளேயே சுருண்டு வளரும் முடி, சிவப்புச் சிவப்பாய்ப் பருக்கள், உப்புத்தண்ணீர் பட்டால் எரிச்சல். படகில் டொல்பின் எழும்பும்போது எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள். மச்சான் திரும்பி நின்று சொறிவார். தோலை உராய்வில் இருந்து காக்கத்தான் அந்த முடி என்று புத்தளத்தில் தோல் வைத்தியர் ஒருவர் சொல்லிப் பார்த்தார். சீனி வருத்தக்காரர் இந்த விளையாட்டுக்கே போகக் கூடாது, சின்னக் கீறலும் புண்ணாகிவிடும் என்றும் சொன்னார். மச்சானிடம் அதற்கும் பதில் இருந்தது. 2006இல் இங்கிலாந்தின் லீட்ஸில் இரண்டு வைத்தியர்கள், இந்த மழிப்பு மோகம் வந்தபின் அந்தரங்கப் பேன் அருகிவிட்டதோ என்று மருத்துவ இதழொன்றில் கேட்டிருந்தார்கள். அதை எப்படியோ கண்டுபிடித்து வைத்திருந்தார். "நாடே கையை விட்ட ஒரு உயிரினத்தை நான் அழிச்சிருக்கன் டொக்டர்" என்றாராம். உங்களுக்கு எப்போதாவது அது இருந்ததா என்று வைத்தியர் கேட்க, மச்சான் சாரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்துவிட்டார்.

போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அவரிடம் ஒரு மாற்றம். பொண்ணு பார்க்கிறார்கள். பொண்ணு வீட்டார் முதல் கேட்டது தொப்பியைக் கழற்றச் சொல்லி. கழற்றினார். முன்நெற்றி நடுமண்டைவரை போயிருந்தது. வீடு திரும்பியவர் நேரே சலூனுக்குப் போய், முடி நடுவதைப் பற்றி விசாரித்தார். கொழும்பில் செய்கிறார்கள், பின்மண்டையிலிருந்து எடுத்து முன்னால் நடுவார்கள் என்றார் சலூன் நானா. மச்சானின் பின்மண்டையையும் ஒருமுறை தடவிப் பார்த்தார். அங்கேயும் பெரிதாக ஒன்றும் இல்லை.

"பயப்படாதீங்க. அங்க பத்தாட்டி ஒடம்புல இருந்தும் எடுப்பாங்க. தாடியில, நெஞ்சில. நெஞ்சு முடி நல்லாப் பிடிக்குமாம்."

மச்சான் கண்ணாடியில் தன்னைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தார். பிறகு பெனியனைத் தூக்கினார். சலூன் நானா லைட்டைப் போட்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு எண்ணத் தொடங்கினார்.

முப்பத்தேழு தேறியது. அதில் ஒன்பது நரை.