நடுங்காத பெட்டி

நாங்கள் உடன்குடியில் படித்த காலத்தில், வேறு நட்சத்திரங்களுக்கும் கோள்கள் உண்டா என்று கேட்டால், "இருக்கும்டே, ஆனா யாரும் கண்டுபிடிக்க முடியாது" என்பார் வாத்தியார். அன்றைக்கு அது நியாயமான பதில். 51 பெகாசி நட்சத்திரத்தின் கோளை மேயரும் குவெலோவும் அறிவித்ததே 1995இல்தான்.

ஆனால் அந்தத் தேடலில் நுங்கம்பாக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1855இல் மதராஸ் வானாய்வகத்தில் இருந்த கேப்டன் ஜேக்கப், 70 ஒபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் பாதை கணக்கோடு ஒட்டாததைக் கண்டு, அங்கே ஒரு கோள் இருக்கக்கூடும் என்று எழுதினார். பின்னால் வந்த அளவுகளில் அது நிற்கவில்லை. கேள்வி பெரியது, அதைத் தாங்கும் கருவி அப்போது இல்லை.

இப்போது இருக்கிறது. ராஜஸ்தானின் அபு மலையில், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் 'பாரஸ்' நிறமாலைமானி. கோளின் இழுப்பில் நட்சத்திரமும் லேசாக முன்னும் பின்னும் அசையும். அதன் நிறமாலைக் கோடுகள் இடம் மாறும். வியாழன் சூரியனை அசைப்பது வினாடிக்குச் சுமார் 12 மீட்டர். பூமியோ வெறும் 9 சென்டிமீட்டர். வினாடிக்கு ஒரு மீட்டர் என்றால், கேமராவில் கோடு நகர்வது ஒரு பிக்சலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அறையின் சூடோ காற்றழுத்தமோ கொஞ்சம் மாறினாலே அதைவிட அதிகம் நகர்ந்துவிடும்.

அதனால் கருவியைத் தொலைநோக்கியில் தொங்கவிடாமல், ஒளியை மட்டும் கண்ணாடி இழை வழியாகத் தனி அறைக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே வெற்றிடக் கலம். வெப்பநிலை ஒரு டிகிரியில் நூற்றில் ஒரு பங்குக்குள் நிற்கிறது. நட்சத்திரக் கோடுகளுக்குப் பக்கத்திலேயே தோரியம்-ஆர்கான் விளக்கின் கோடுகளும் பதிவாகின்றன. கருவி அசைந்தால் இரண்டும் சேர்ந்தே அசையும். அந்த அசைவைக் கழித்துவிடலாம். விடிலியில் பதநீர் காய்ச்சும்போது பதம் தப்பக் கூடாதென்று அடுப்பைவிட்டு நகராத எங்கள் ஆச்சியின் கவனம்தான் அது, மாதக்கணக்கில்.

2018இல் அபிஜித் சக்ரவர்த்தியின் குழு, கெப்ளர் விண்கலம் அடையாளம் காட்டிய ஒரு கோளை இதில் உறுதிசெய்தது: சுமார் 600 ஒளியாண்டு தொலைவு, பூமியைப்போல் 27 மடங்கு நிறை. அடுத்து வந்த பாரஸ்-2, 2.5 மீட்டர் தொலைநோக்கியில் இயங்குகிறது.

எங்களுக்கு அடுத்த குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டியதிலிருந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ராக்கெட் பேச்சுதான். பேசட்டும், எனக்கும் மகிழ்ச்சிதான். இப்படி ஒரு பெட்டியை அசையாமல் வைக்கும் வேலைக்கும் அவர்களில் சிலர் போக வேண்டும். அபு மலையைப் பற்றி அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.