முருகன் நின்றால் தகரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குப் போன் அடித்தால் ஒன்று துக்கச் செய்தி, இல்லாவிட்டால் இவர்.

“ஏப்பா, எந்திரிச்சிட்டயா? சுருக்குனு கெளம்பு. அவன் ஸ்டார்ட் பண்றதுக்கு முந்தி நாம அங்க இருக்கோணும்.”

‘அவன்’ என்பவர், பழைய கார் ஒன்றை விற்கலாம் என்று நினைத்ததைத் தவிர வேறு பாவம் செய்யாத மனிதர். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இஞ்சின்தான் உண்மை பேசும், ஒருமுறை ஓடவிட்டுச் சூடாக்கிவிட்டால் அது வக்கீல் வைத்துக்கொண்ட மாதிரி என்பது இவருடைய சித்தாந்தம். அதனால் போய் இறங்கியதும், வணக்கம் சொல்வதற்கு முன்னால், பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைக்கிற மாதிரி. வெதுவெதுப்பு தட்டினால் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை. அதோடு அந்த வண்டியின் கதை முடிந்தது. அதற்கப்புறம் அரை மணி நேரம் பார்ப்பதெல்லாம் மரியாதைக்கு.

நான் யாரையும் மனதில் வைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. ஊருக்கு நாலு பேர் இப்படி இருக்கிறார்கள். எந்தக் கோயமுத்தூர்க்காரரைக் கேட்டாலும் தன் வட்டத்தில் ஒருவரைக் கைகாட்டுவார். அந்த நாலு பேரில் ஒருவர் என் மனைவியின் அக்காவைக் கட்டியிருப்பது தற்செயல்.

இவருக்கு வேண்டியது ஸ்போர்ட்ஸ் கார். புதுசு கட்டுப்படியாகாது, ஆகவே செகண்ட் ஹேண்ட். ஸ்போர்ட்ஸ் காருக்கு இவர் வைத்திருக்கும் இலக்கணம் ஒன்றே ஒன்று: கதவு இரண்டுதான் இருக்க வேண்டும். “நாலு கதவு வச்சா அது குடும்பம் நடத்தற வண்டி” என்பார். இந்த இலக்கணத்தை நம்பி ஒரு புரோக்கர் ஆசையாக ஒரு மாருதி ஜிப்ஸியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அடுத்த மாதம் ஒரு டாடா சியரா. இரண்டுக்கும் பக்கவாட்டில் இரண்டே கதவு. “ஏனுங்ண்ணா, எண்ணிப் பாத்துக்கோங்க” என்று வேறு சொன்னார். அவர் மேல் என்ன தப்பு?

மற்ற சோதனைகளைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2311 என்றால் 2011-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். இதை மண்டியிட்டுப் படிப்பார், ஸ்டெப்னி உட்பட ஐந்தையும். ஆயில் மூடியைத் திறந்து அடியில் மோர் மாதிரி வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னை வண்டி என்று சொன்னாலே சீட் பெல்ட்டைக் கடைசி முழம் வரைக்கும் இழுத்து, கறை இருக்கிறதா என்று பார்த்து, மோந்தும் பார்ப்பார். வண்டிக்காரர் முன்னாலேயே. இவையெல்லாம் நியாயமான சோதனைகள்தான். நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

காந்தம்தான் பிரச்சினை.

இடிபட்ட இடத்தைச் சரியாகத் தட்டி நிமிர்த்தாமல் பட்டி வைத்துத் தேய்த்து மேலே பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, காந்தத்துக்குத் தெரியும். தகரத்தில் ஒட்டும், கனமான பட்டியில் ஒட்டாது. இதற்குப் பலமான காந்தம் உதவாது. அது பட்டியையும் தாண்டி உள்ளே இருக்கிற தகரத்தைப் பிடித்துக்கொள்ளும். சோப்ளாங்கிக் காந்தம் வேண்டும். அப்படிப்பட்ட ஒன்று இவர் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. மருதமலைக்குப் போனபோது வாங்கிய முருகன் படம், பின்னால் காந்தம் ஒட்டியது. கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். வேல் பாதி அழிந்துவிட்டது.

அன்றிலிருந்து முருகனுக்குச் சட்டைப்பையில் வாசம். முன் மட்கார்டில் வைப்பார். நின்றால், “தகரம்.” இரண்டு விரல்கடை தள்ளி வைப்பார். “தகரம்.” கதவின் கீழ் மூலை. முருகன் மெல்லச் சறுக்கி இறங்கி மண்ணில் விழுவார். இவர் குனிந்து எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “பட்டி” என்பார். அந்த ஒரு சொல்லில் இருக்கிற திருப்தியை நீங்கள் கேட்க வேண்டும். ஒரு காருக்கு நாற்பது, ஐம்பது இடம். நான் கூடவே நடந்து எந்த இடத்தில் நின்றார், எந்த இடத்தில் விழுந்தார் என்று நோட்டில் குறிக்க வேண்டும். நோட்டு என் செலவு.

பார்க்கிறவர்களுக்கு இது வேறு மாதிரித் தெரியும். பொள்ளாச்சியில் ஒரு பீட்டில் பார்க்கப் போனோம். சாமி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வண்டியைச் சுற்றி வருவதை வீட்டுப் பாட்டி வாசலில் நின்று பார்த்தது. உள்ளே போய்த் திருநீற்றுத் தட்டோடு வந்து, “இப்படிச் சாமி கும்பிட்டுப்போட்டு வண்டி பாக்கற ஆள இன்னைக்குத்தானுங் பாக்கறன்” என்றது. இவர் திருநீறு பூசிக்கொண்டார். பூசிக்கொண்டு, “ஆத்தா, டிக்கி இடி வாங்கியிருக்குதுங்க” என்றார்.

அதே வேலைக்குப் பெயின்டின் கனத்தை அளக்க ஒரு கருவி இருக்கிறது, வைத்த நொடியில் எண்ணைக் காட்டிவிடும், வாங்கித் தருகிறேன் என்று என் பையன் சொன்னான். “மெஷினு பொய் சொல்லும்டா” என்றுவிட்டார். இதற்கிடையில் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில் முருகன் பிடித்துக்கொண்டிருந்த பால் கணக்குச் சீட்டு எத்தனை தடவை பின்னால் விழுந்து காணாமல் போனது என்பது அக்காவுக்கும் பால்காரருக்கும் இடையில் உள்ள தனி வழக்கு.

ஆடி மாதத்தில் ஓர் ஆடி கார் பார்க்கப் போனோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்காரரிடம் டிடி இருந்தது, இரண்டாம் தலைமுறை. வெள்ளி நிறத்தில் உருண்டு திரண்டு, கண்ணை எடுக்க முடியாத வண்டி. பானட்டில் கை வைத்தார்: ஜில்லென்று இருந்தது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. முருகனை எடுத்து பானட்டில் வைத்தார். சறுக்கி விழுந்தார். மட்கார்டில் வைத்தார், விழுந்தார். கூரையில் வைத்துக் கையால் தள்ளிப் பார்த்தார். கண்ணாடியில் வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனார். இவர் முகம் வெளுத்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “முன்னாடி பூராவும் பட்டிப்பா. லாரிக்கு அடியில போன வண்டி” என்றார். கதவில் வைத்தார், ஒட்டியது. டிக்கியில் ஒட்டியது. “பாத்தயா, பின்னாடி மட்டும் ஒரிஜினல். ரெண்டு வண்டிய வெட்டி ஒட்டியிருக்கான்.”

திருப்பூர்க்காரர் ரொம்பப் பொறுமைசாலி. அந்த டிடியின் உடம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அலுமினியம், முன்பக்கமும் கூரையும் அதில்தான், கதவும் டிக்கியும் எஃகு, எடையை முன்னும் பின்னும் சமன் செய்ய அப்படிச் செய்தார்கள் என்று விளக்கினார். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பது பள்ளிக்கூடப் பாடம். இவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஆடி மாசத்துல வாங்கறதில்லீங்க” என்றார். ஆவணியில் நானே ஞாபகப்படுத்தினேன். “அலுமினியம் அடி வாங்குனா டிங்கரிங் பண்ண ஆளு எங்கிருக்கு?” என்றார். லேத்துப் பட்டறை இல்லாத சந்தே இல்லை என்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போவது, வருவது எல்லாம் என் வேகன் ஆரில். பெட்ரோல் நான் போடுகிறேன். பதினோரு வருஷம். “உன் வண்டியில போனாத்தான் வெலையக் கொறப்பான்” என்று ஆரம்ப காலத்தில் ஒரு காரணம் சொன்னார், அதற்கப்புறம் காரணமும் சொல்வதில்லை. காருக்கென்று ஒரு டெபாசிட் போட்டு வைத்திருக்கிறார், அது முதிர முதிரப் புதுப்பிக்கிறார். அந்தப் பணத்தைத் தொடக் கூடாது என்பதால் அவர் வீட்டுச் சமையலறை மேடையில் கடப்பாக் கல் விரிசல் விட்டு ஆறு வருஷமாக அப்படியே கிடக்கிறது. அக்கா அதன் மேல் ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்துக் காய் நறுக்குகிறார். கிரைண்டருக்கே பேர் போன ஊரில் அவர் மாவாட்டுவது கைப்பிடி உடைந்த கிரைண்டரில். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, சான் ஸ்டார்ம் கதைக்கு வருகிறேன்.

இவர் காலேஜில் படித்தபோது பத்திரிகையில் பார்த்த வண்டி அது. கோவாவில் செய்தார்கள். இரண்டு சீட், இரண்டு கதவு, துணிக் கூரை. இந்தியாவில் செய்த ஸ்போர்ட்ஸ் கார் என்று படத்தை வெட்டி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார், இன்றைக்கும் இருக்கிறது. ரெனோவின் 1.2 லிட்டர் இஞ்சின், சுமார் 60 குதிரைத் திறன். இப்போதைய ஸ்விஃப்டுக்கே 80-க்கு மேல், சிக்னலில் உங்கள் ஸ்போர்ட்ஸ் காரை ஒரு கால் டாக்ஸி முந்திவிடும் என்று சொல்லிவிட்டேன். இரண்டு மாதம் போன் வரவில்லை. என் வாழ்க்கையிலேயே நிம்மதியான ஞாயிற்றுக்கிழமைகள் அவை. பிறகு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, எங்கே விட்டோமோ அங்கிருந்தே ஆரம்பித்தார்: “நம்ம கோயமுத்தூர் கரிவர்தன் மாருதி 800 இஞ்சின போட்டு ரேஸ் காரே கட்டுனாரு. 800-ல நாப்பது குதிரைகூடக் கெடையாது. அவரு ஊர்ல பொறந்துட்டு நீ இப்படிப் பேசலாமா?” பாயசம் வரும் வரைக்கும் நான் பதில் சொல்லவில்லை.

போன வருஷம் பாலக்காட்டில் ஒரு பெரியவரிடம் சான் ஸ்டார்ம் இருப்பதாகத் தகவல் வந்தது. வாளையாறு தாண்டும்போது இன்னும் விடியவில்லை. மடியில் ஃபைல். வேறு மாநில வண்டிக்கு என்ஓசி வாங்க 28-ஆம் நம்பர் ஃபாரம், பேர் மாற்ற 29, 30. எல்லாம் பழைய பிரின்ட், ஓரம் பழுத்திருந்தது. வழி நெடுக ஒரே பேச்சு: “ஃபைபர் பாடிப்பா அது. தெரியுமா? துருவே புடிக்காது.”

சிவப்பு வண்டி. வெளுத்து, காவியேறிய சிவப்பு. அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மாமரத்தடியில் சருகுக்கு நடுவில் நின்றது. இவர் பானட்டில் கை வைக்க மறந்துவிட்டார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. முருகனை எடுத்து மட்கார்டில் வைத்தார்.

விழுந்தார். எடுத்து, கதவில் வைத்தார். விழுந்தார்.

“அது ஃபைபராக்கும் சாரே” என்றார் பெரியவர்.

வழியெல்லாம் எனக்கு அதைச் சொல்லிக்கொண்டு வந்தவர் இவர். ஆனாலும் முருகனைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தது என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நோட்டில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. பெரியவர் கதவைத் திறந்து, “இருந்து நோக்கு” என்றார். இவருக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது, அதற்கேற்ற வயிறு. ஒரு காலை விட்டு, தலையைக் குனிந்து, ‘ஹுக்’ என்று உள்ளே இறங்கினார். ஸ்டீயரிங் வயிற்றில் முட்டியது. சாவி இவர் கையில் இல்லை. பெரியவர் எடுத்து வர உள்ளே போயிருந்தார். நான் பின்பக்கம் நின்றுகொண்டிருந்ததை இவர் கவனிக்கவில்லை. கியரின் மேல் கையை வைத்து, இரண்டு உதட்டையும் அதிரவிட்டு, மெதுவாக, “ட்ர்ர்ர்” என்றார். மூன்று கியர் மாற்றினார். எண்ணினேன்.

நான் சத்தம் போடாமல் மாமரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

அன்றைக்கே வாங்கியிருக்க வேண்டும். பெரியவர் சொன்ன விலை டெபாசிட்டில் பாதிகூட இல்லை. இஞ்சின் இரண்டாவது திருகலில் பிடித்தது, புகையும் இல்லை. இவர் இறங்கி, பேன்ட்டைத் தட்டிவிட்டு, டயர்ப் பக்கம் மண்டியிட்டார். எழுந்து, “யோசிச்சுச் சொல்றனுங்க” என்றார். திரும்பி வரும்போது வாளையாறு டீக்கடையில் நிறுத்தினேன். டீயை ஆற்றிக்கொண்டே, “டயரு அஞ்சும் 2011” என்றார். ஐந்து டயருக்கு என்ன விலை என்று சொன்னேன், காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. அன்றைக்கு டீக்காசு மட்டும் அவர் கொடுத்தார். பதினோரு வருஷத்தில் அது ஒரு தடவை.

மூன்றாவது வாரம் பெரியவர் எனக்குப் போன் பண்ணினார். கொச்சியிலிருந்து ஒரு பையன் வந்தானாம், பத்து நிமிஷம் பார்த்தானாம், பணத்தைக் கொடுத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டானாம். இவரிடம் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “டயர் பாத்தானாமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “பாத்திருக்க மாட்டான்” என்றார்.

அதற்கடுத்த ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்குப் போன் அடித்தது. ஈரோட்டில் ஏதோ ஒரு மினி கூப்பர்.

இரண்டு கதவு வண்டியை விற்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி செய்யுங்கள். நாங்கள் வருவதாகத் தெரிந்தால் விடிகாலை ஐந்து மணிக்கே எழுந்து வண்டியை ஒரு கால் மணி நேரம் ஸ்டார்ட் பண்ணி வையுங்கள். பானட் சூடாக இருந்தால் முருகனுக்கு வேலை இருக்காது, அரை மணியில் கிளம்பிவிடுவோம். டிபன் ஆறுவதற்குள் நான் வீட்டுக்குப் போய்விடுவேன்.