ரைடர்: குள்ளஞ்சாவடி வழக்கை முன்வைத்து ஒரு பரியியல் ஆய்வு

கடலூரிலிருந்து வடலூர் போகும் சாலையில், முந்திரித் தோப்புகளின் பக்கம் இருக்கிறது குள்ளஞ்சாவடி. சாவடி என்றாலே வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். ஆகவே, குதிரைமேல் போகிறவனைக் குறிக்கும் ‘ரைடர்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஆராய இதைவிடத் தகுந்த களம் இல்லை என்பது இவ்வாய்வின் கருதுகோள். களத்தில் ஒரு குதிரையும் தென்படவில்லை. அதனால் ஆய்வு தளர்ந்துவிடவில்லை. பொருள் இல்லாத இடத்தில்தானே ஆய்வேடுகள் பருக்கின்றன!

கடைத்தெரு வழக்கில் முதல் ரைடர், சென்னையில் பைக்கில் பிரியாணி கொண்டுபோய்க் கொடுக்கும் உள்ளூர்ப் பையன். இரண்டாமவர் கபடியில் எதிரணிக்குள் பாடிப் போகிறவர். ஆங்கிலத்தில் இவர் எழுத்தும் ஒலியும் வேறு. நம் நாக்கு இருவரையும் ஒன்றாக்கிவிட்டது. டிவிஎஸ் நிறுவனம் 2021-ல் அதே கபடி எழுத்தில் 125 சிசி வண்டி ஒன்றை இறக்கவே, ரைடர் ரைடரில் ஏறி ரைடு போகும் நிலை உண்டாயிற்று. கொல்கத்தா நைட் ரைடர்ஸ் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் வீரமறவர்கள் என்பதை இங்கே யாரும் ஏற்பதில்லை. ராத்திரியில் வருகிறவர்கள் என்றே பொருள். 2012 ஐபிஎல் இறுதிப் போட்டியில் சேப்பாக்கத்துக்கே வந்து கோப்பையைத் தூக்கிப் போனவர்களுக்கு அந்தப் பொருள்தான் பொருந்தும்.

ஆனால் சொல்லின் உச்சம் காப்பீட்டில். டீக்கடையில் எல்ஐசி முகவர் ஒருவரோடு பதிவான உரையாடல் வருமாறு:

“ரைடர் ஒண்ணு சேத்துக்குங்கண்ணே.”

“எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாதேப்பா.”

“அது இல்லண்ணே. விபத்துல போயிட்டா கூடுதலா பணம் வரும்.”

“ஏறினாத்தானேப்பா விழறதுக்கு?”

பாலிசியின் முதுகில் ஏறி உட்காரும் துணைக்காப்பு ரைடர். ஒப்பந்தத்தின் வாலில் தொங்கும் நிபந்தனையும் ரைடர். அமெரிக்க நாடாளுமன்றத்தில், சம்பந்தமில்லாத மசோதாமேல் தொற்றிக்கொண்டு சட்டமாகிவிடும் பிரிவும் ரைடரே. சுரங்க அகராதியைப் புரட்டினால், தடித்த நிலக்கரிப் படுகைக்கு மேலே கிடக்கும் மெல்லிய படுகைக்கும் இதே பெயர். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு இந்தப் பொருளை விட்டுவிட்டு பிரியாணியைப் பிடித்துக்கொண்டது, ஊரார் தரப்பில் மன்னிக்க முடியாத கவனக்குறைவு. குதிரை, பாலிசி, மசோதா, கரி எதுவானாலும் சுமப்பது ஒன்று, பெயர் வாங்குவது மேலே உட்கார்ந்திருப்பது.

இதை ஆங்கிலேயர் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். பனை மடலில் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, தலைவியின் உருவம் எழுதிய கிழியைப் பிடித்துக்கொண்டு ஊர் நடுவே வருவேன் என்றான் நம் சங்கத் தலைவன். பெண்ணைக் கொடுத்துவிட்டால் வரமாட்டானாம். சவாரியும் அவனே, நிபந்தனையும் அவனே. இரண்டு பொருளையும் ஒரே ஆளில் அடக்கிய இலக்கியம் வேறு எங்கே உண்டு?

இனி முடிபு. 13-ஆம் நூற்றாண்டில் திருக்குறளுக்கு உரை எழுதியவர் பரிமேலழகர். பெயரிலேயே குதிரைமேல் இருக்கிறார். செயலிலோ வள்ளுவர்மேல் ஏறிய துணைக்காப்பு. பள்ளிக்கூடங்களில் குறளைவிட உரையே மனப்பாடமாவது ஏன் என்பது இப்போது விளங்கும். குறள் என்றால் குறுகியது, குள்ளமானது. குள்ளத்தின்மேல் ஏறிய பரிமேலழகர் இளைப்பாறிய சாவடியே குள்ளஞ்சாவடி என்று இவ்வாய்வு ஐயத்துக்கு இடமின்றி நிறுவுகிறது.

“அவரு காஞ்சிபுரத்துக்காரர்னு படிச்சோமே, சார்” என்றார் டீக்கடைக்காரர்.

அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர் எங்காவது இறங்கித்தானே ஆக வேண்டும்?