மேன்டிலுக்குப் போர்வெல் போட்ட மேதைகள்

1957-ல் கலிஃபோர்னியாவில் ஒரு காலை டிபன். கடலியல் மேதை வால்டர் மங்க் வீட்டில் சில பெரிய விஞ்ஞானிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 'பூமியின் மேலோட்டைத் துளைத்து, அடியில் இருக்கும் மேன்டிலைத் தொட்டுவிட்டால் என்ன?' என்று பேச்சு வந்தது. வயிறு நிறைந்தவர்களுக்கு வருகிற யோசனைதான். ஆனால் இவர்கள் நிஜமாகவே கிளம்பிவிட்டார்கள்!

பொறுப்பேற்றது எந்த அமைப்பு தெரியுமோ? 'அமெரிக்கன் மிஸலேனியஸ் சொசைட்டி'. சும்மா தமாஷுக்கு ஆரம்பித்த சங்கம். உறுப்பினர் பட்டியல் கிடையாது, சந்தா கிடையாது, சட்டதிட்டம் கிடையாது. விருது மட்டும் உண்டு: பஞ்சடைத்த ஆல்பட்ராஸ் பறவை. இவர்களை நம்பி அமெரிக்க அரசு பணம் கொடுத்தது!

1961-ல் மெக்சிகோவின் குவாதலூப்பே தீவருகே, சுமார் மூன்றரை கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியில், 183 மீட்டர் துளைத்தார்கள். கடைசிப் பதிமூன்று மீட்டர் பசால்ட் பாறை. ஜனாதிபதி கென்னடி வாழ்த்து அனுப்பினார். 'லைஃப்' பத்திரிகைக்காகக் கப்பலில் உட்கார்ந்து எழுதிய நிருபர் யார் என்கிறீர்கள்? ஜான் ஸ்டைன்பெக்! மறுவருஷம் நோபல் வாங்கப் போகிற மனிதர். மேன்டிலுக்கு மட்டும் இன்னும் ஐந்து கிலோமீட்டர் பாக்கி. பட்ஜெட் எகிறியதில் 1966-ல் அமெரிக்க காங்கிரஸ் கையை விரித்தது. புகைதான் வந்தது என்று நம்மூரில் மூடிப்போடுகிற போர்வெல் எதற்கும் இத்தனை விளம்பரம் கிடைத்ததில்லை.

இதில் பெரிய கூத்து, மேன்டில் அதுபாட்டுக்கு மேலே வந்துகொண்டேதான் இருந்தது. அறுபதாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமாக நீளும் நடுக்கடல் மலைத்தொடர்களில் கடல்தரை இரண்டாகப் பிரிந்து விலகுகிறது. அடியிலிருக்கும் மேன்டில் எழும்புகிறது. அழுத்தம் குறைய, அதில் ஒரு பங்கு உருகிக் குழம்பாக வெளியே கொட்டி பசால்ட்டாக உறைகிறது. கேபிளில் சங்கிலிப் பையைக் கட்டி இறக்கித் தரையை வாரினால் போதும். ஸ்டைன்பெக் வரவேண்டிய அவசியமே இல்லை.

அப்படி வாரிய கற்களை ஐஸ்லாந்துக்குத் தெற்கே வரிசையாகச் சோதித்தவர் ழான்-கீ ஷில்லிங். 1973-ல் அவர் சொன்ன சேதி லாந்தனம், சமாரியம் என்ற இரண்டு தனிமங்களைப் பற்றியது. மேன்டில் லேசாக உருகினாலே லாந்தனம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குழம்புக்குள் ஓடிவிடும். சமாரியம் கொஞ்சம் யோசித்துத்தான் கிளம்பும். அதனால் ஏற்கெனவே உருகிச் சக்கையான மேன்டிலில் லாந்தனம் வற்றிக் கிடக்கும். ஐஸ்லாந்துப் பக்கம் லாந்தனம் தாராளம்; தெற்கே போகப் போகப் படிப்படியாகச் சரிவு. ஆழத்திலிருந்து ஐஸ்லாந்துக்கு அடியில் எழும் சரக்கு, மலைத்தொடரின் கீழேயே தெற்கு நோக்கி வழிந்து, சக்கை மேன்டிலோடு கலக்கிறது என்றார் ஷில்லிங். கண்ணால் பார்க்கவே முடியாத ஓட்டத்தைக் கூழாங்கல் சைஸ் பாறை காட்டிக்கொடுத்துவிட்டது!

ஈயம் இன்னும் கில்லாடி. அதன் ஐசோடோப் (எடை மாறுபட்ட அணுக்கள்) விகிதம் உருகினாலும் மாறாது. நூறு கோடி வருஷக் கணக்கை அப்படியே ஒப்பிக்கும். 1983-ல் பிரான்சின் பெர்னார் துப்ரேயும் குளோத் அலெக்ரும் இந்தியப் பெருங்கடல் கற்களில் விசித்திரமான ஈயத்தைக் காட்டினார்கள். மறுவருஷம் ஸ்டான்லி ஹார்ட், இது தென்பாதி உலகையே சுற்றி ஓடும் பட்டை என்று சொல்லி, இருவர் பெயரையும் வெட்டி ஒட்டி 'டூபால்' என்று ஞானஸ்நானம் செய்தார். அலெக்ருக்குக் கிடைத்தது முதல் இரண்டு ஆங்கில எழுத்துதான்.

அலெக்ர் இரண்டு எழுத்தில் அடங்குகிற ஆசாமியா? 1976-ல் கரீபியனில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் சூஃப்ரியேர் எரிமலை புகைந்தது. எழுபதாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். 'வெறும் நீராவி, பயம் வேண்டாம்' என்றார் எரிமலை நிபுணர் ஹரூன் தாசியெஃப். அலெக்ர் எதிர்க்கட்சி. சாம்பலில் புத்தம்புது எரிமலைக் கண்ணாடி இருந்தால் புதுக் குழம்பு மேலே வருகிறது என்று அர்த்தம்; அது இருக்கிறதா இல்லையா என்பதிலேயே அடிதடி! பெரிய வெடிப்பு வரவில்லை. வேலை போனது யாருக்கு? சரியாகச் சொன்ன தாசியெஃபுக்கு! பதவியிலிருந்து இறக்கியவர் சாட்சாத் அலெக்ர். 1997-ல் கல்வி அமைச்சராகி, தன் துறையை மாமூத் யானை என்று வர்ணித்து, அதன் கொழுப்பைக் கரைப்பேன் என்று முழங்கினார். ஆசிரியர்கள் தெருவுக்கு வந்தார்கள்; 2000-ல் யானை அப்படியே நின்றது, அமைச்சர் கரைந்துபோனார். ஆனாலும் மனிதர் ஐசோடோப்பில் மன்னர். 1986-ல் கிராஃபோர்ட் பரிசு சும்மா வரவில்லை.

மேலே இப்படி நாற்காலிச் சண்டை நடக்க, கீழே சத்தமில்லாமல் மேன்டிலின் எல்லை நகர்ந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் அன்டார்டிகாவுக்கும் நடுவே கடல்தரை வழக்கத்துக்கு மாறாக ஆழமாக அமுங்கிக் கிடக்கும் ஓரிடம். 1988-ல் எமிலி கிளைன், சார்லஸ் லாங்முயர் குழு அங்குள்ள கற்களைப் பார்த்தது. மேற்கே இந்தியப் பெருங்கடல் ஈயம், கிழக்கே பசிபிக் ஈயம். மாற்றம் சில பத்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது! எல்லைக்குப் பக்கத்தில் கிடந்த பழைய கற்களைச் சோதித்தபோது, பசிபிக் மேன்டில் சில பத்து லட்சம் ஆண்டுகளில் மேற்கே நகர்ந்து அடுத்தவர் இடத்தில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

சரி, டூபால் ஈயம் முதலில் எங்கிருந்து வந்ததாம்? பூமியின் மையக்கரு ஓரத்திலிருந்து என்று ஒரு கோஷ்டி. கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது கண்டத்தின் அடிப்பாகம் கழன்று விழுந்தது என்று இன்னொரு கோஷ்டி. பெயர் வைத்து நாற்பது வருஷம் தாண்டிவிட்டது, பூர்வீகம் மட்டும் இன்னும் தகராறில்!