தோட்டச் சோர்வும் அதன் காரணங்களும்: ஒரு வகைப்பாடு

மலேசிய மாநிலமான நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்களில் நிலவிய சோர்வு இருவகைப்படும். மேட்டுச் சோர்வு வெள்ளைக்கார மேலாளரான துரையின் பங்களாவிலும் பள்ளத்துச் சோர்வு தொழிலாளர் குடியிருப்பான லயத்திலும் தோன்றும். உறங்கி எழுந்தும் அகலாத அலுப்பு, கால் கனத்தல், தலைபாரம், மறதி ஆகியவை இரண்டிற்கும் பொதுவாதலால், குறிகளைக்கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது. நோயாளி எந்தப் படிக்கட்டில் அமர்ந்திருக்கிறார் என்பதே அளவுகோல். கணக்கரான கிராணியின் வீடு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில் அமைந்தமையால் அங்குத் தோன்றும் சோர்வு வகைப்பாட்டுக்குச் சிறிது இடர் தரும். துரை உடனிருக்கையில் அது பள்ளத்தைச் சாரும் எனவும், தொழிலாளி எதிர்நிற்கையில் மேட்டைச் சாரும் எனவும் கொள்வது பொருந்தும்.

மேட்டுச் சோர்வை ஆராய்ந்த நூல்கள் மிகுதி. 1869இல் ஜார்ஜ் பியர்டு என்னும் அமெரிக்க மருத்துவர் இதனை நரம்புத் தளர்ச்சி என வகுத்தார். பின்னர் நீராவி, தந்தி, பருவ இதழ்கள், அறிவியல், பெண்களின் சிந்தனை ஆகிய ஐந்தும் இதன் காரணங்கள் என எழுதினார். வெப்பநாட்டில் வாழும் வெள்ளையர்க்கு இவ்வைந்தும் போதாமையால், 1905இல் சார்ல்ஸ் உட்ரஃப் வெயிலின் ஒளியையும் சேர்த்தார். அவ்வொளி வெளிறிய தோலினுள் புகுந்து நரம்பைக் கெடுக்கும் என்பது அவர் கோட்பாடு. அதனைச் சோதிக்கும்பொருட்டுப் பிலிப்பைன்ஸில் அமெரிக்கப் படைவீரர்க்குச் செம்மஞ்சள் உள்ளாடை அணிவிக்கப்பட்டது. பயன் விளையவில்லை, உடுத்தியோர்க்குப் புழுக்கம் கூடியது. எனினும் மலைவாசமும் கப்பலேறும் நெடுவிடுப்பும் மேட்டுச் சோர்வுக்குரிய சிகிச்சைகளாக நிலைபெற்றன.

பள்ளத்துச் சோர்வுக்கு இத்தனை கோட்பாடுகள் தேவைப்படவில்லை. சோம்பல் என்ற ஒன்றே போதுமானதாக இருந்தது. சொற்சிக்கனத்தில் இதனை விஞ்சிய மருத்துவக் கோட்பாடு அரிது. மாற்றுக் காரணம் கூறியோரும் இலர் அல்லர். விடியுமுன் பெயர்க்கணக்கெடுப்பான பெரட்டுக்கு நிற்றல், வெயில் ஏறுமுன் பால் நன்கு வடியும் என்பதால் இருளிலேயே நிரை நிரையாகப் பாலுக்கு மரம் சீவுதல், தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் பால்வாளி சுமத்தல் என்பன அவர் காட்டியவை. இவை யாவும் வேலை என்னும் தலைப்பில் முன்னரே அடங்கிவிட்டமையால், நோய்க்காரணம் என மறுபடியும் எண்ணுதல் கூறியது கூறல் என்னும் குற்றமாகும். வெறுங்காலின் வழியே ஏறிக் குருதி உறிஞ்சும் கொக்கிப்புழுவும், காடழித்தபின் வெயில் படும் தெளிந்த மலையோடைகளில் பெருகும் மலேரியாக் கொசுவும் தக்க சான்றுடையவை. ஆயின் கொக்கிப்புழு பெரட்டில் பெயர் கொடுப்பதில்லை, கொசுவும் அவ்வாறே. பெயர் கொடுத்தவரை மட்டுமே கணக்கில் கொள்வது தோட்ட மரபு.

லயத்து மூதாட்டியர் கண்ணேறு, காற்றுக் கருப்பு, முனி அடித்தல் எனக் காரணத்தை மூன்றாகப் பகுத்தனர். இவற்றுள் கண்ணேறு ஒன்றே ஐயத்துக்குரியது. பிறர் பொறாமைப்படத்தக்க பொருள் லயத்தில் யாது என்பது விளங்கவில்லை.

இத்துறையில் இம்மாநிலம் உலகுக்கு அளித்த கொடை அரிசியைப் பற்றியது. கால் தளர்ந்து இதயம் சோரும் பெரிபெரி நோய், தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளரை வீழ்த்தியது. புழுங்கலரிசி உண்ட தமிழரைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. இதனை நெகிரி செம்பிலான் அரசு மருத்துவர் பிராடன் 1907இல் நூலாக்கி, கெட்ட அரிசியில் நஞ்சு உண்டென முடித்தார். ஜெலுபுப் பகுதியின் டுரியான் திப்புஸில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளரை ஃபிரேசரும் ஸ்டான்டனும் இரு பிரிவாக்கி, பிரிவுக்கு ஒருவகை அரிசியாக ஊட்டினர். நோய் வெள்ளையரிசிப் பிரிவில் கண்டது. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோயும் பிரிவு மாறிற்று. தீட்டும்போது தவிட்டோடு நீங்கும் ஏதோ ஒன்றின் குறைவே காரணம் என 1909இல் அவர்கள் அறிவித்தனர். பிற்காலத்தில் தயமின் எனப்பட்டது அதுவே. இக்கண்டுபிடிப்பின் துணைமுடிபு மேலும் நுட்பமானது. தமிழரின் சோர்வு பெரிபெரியால் ஆனதன்று எனத் தெளிந்தமையின், அது சோம்பலே என்பதற்கிருந்த தடைகளுள் ஒன்று அறிவியல் முறைப்படி நீங்கிற்று.

நாட்பட்ட சோர்வு நோய் என்ற பெயரும் வரையறையும் 1988இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தாரிடமிருந்து வந்தன. எலி வைரஸின் உறவான ஒன்று இந்நோயோடு தொடர்புடையது என 2009இல் ஒரு கட்டுரை கூறியது. 2011இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. காரணம் இன்றும் துணியப்படவில்லை. 1988இன் வரையறையோ தெளிவாக இருந்தது: சோர்வு ஆறு மாதமேனும் நீடித்தல் வேண்டும், நோயாளியின் செயல் முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே குறைதல் வேண்டும். பங்களாவுக்கு இதனைப் பொருத்துவதில் சிக்கலில்லை. லயத்தில் முறை வேறு. வேலைக்கு வாராதவர் பெயர் தொழிலாளர் பதிவேடான செக்ரோலிலிருந்து நீங்கும்; பெயர் நீங்கியவர் வீட்டைக் காலி செய்தல் வேண்டும். ஆறாம் மாதம் முடியுமுன் நோயாளி தோட்டத்து எல்லைக்கு வெளியே இருப்பார். ஆதலின் நெகிரி செம்பிலான் லயங்களில் இந்நோய் ஒருபோதும் இருந்ததில்லை.